பயண நாளன்று முந்தைய ஃப்ளைட்டுக்கு மாறுவது: விமான நிறுவனங்களின் ‘சேம் டே சேஞ்ச்’ சேவை, ஒரு மதிப்பீடு

மாலை ஏழரை மணி ஃப்ளைட்டுக்கு டிக்கெட் இருக்கிறது. வந்த வேலையோ மதியமே முடிந்துவிட்டது. அதே நிறுவனத்தின் மூன்று மணி ஃப்ளைட்டில் ஏறிக்கொள்ள முடியுமா? பல நேரம் முடியும். ஆனால் அதை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு காசும் கொடுக்காமல் போகலாம், சிறு தொகை கட்டிப் போகலாம், புது டிக்கெட் வாங்கும் அளவுக்குச் செலவழித்தும் போகலாம். மூன்றும் அதே விமானம்தான்.

ஆகவே இந்தச் சேவையை மூன்றாகப் பிரித்துத்தான் எடை போட வேண்டும். முதலாவது, எந்த நாளிலும் செய்யக்கூடிய வழக்கமான டிக்கெட் மாற்றம். இரண்டாவது, ‘சேம் டே கன்ஃபர்ம்டு’: பயண நாளையொட்டி மட்டும் கிடைக்கும், இருக்கை உறுதியான மாற்றம். மூன்றாவது ஸ்டாண்ட்பை: இடம் மிஞ்சினால் ஏற்றிக்கொள்வார்கள், மிஞ்சாவிட்டால் பழைய ஃப்ளைட்டிலேயே போக வேண்டியதுதான். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டாவது கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். மூன்றாவது, கைப்பையோடு மட்டும் போகிறவர்களுக்கு அருமையான சேவை. பெட்டியை ஏற்கனவே கவுன்டரில் போட்டுவிட்டவர்களுக்குத் தலைவலி. முதலாவதைப் பயண நாளன்று வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடுங்கள்.

முதலாவது ஏன் அவ்வளவு செலவு வைக்கிறது? ஒரே எகானமி கேபினுக்குள் டிக்கெட்டுகள் பல விலை அடுக்குகளாக விற்கப்படுகின்றன. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒய், பி, எம், கே, எல் என்பது போல ஓர் எழுத்து உண்டு. எந்த எழுத்து மலிவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் ஒய் என்பது பொதுவாக முழுக் கட்டண எகானமி. பயண நாள் நெருங்க நெருங்க மலிவான எழுத்துகள் ஒவ்வொன்றாக மூடப்படும். அன்றைக்கே மாற்றக் கேட்டால் மிச்சமிருக்கும் விலையுயர்ந்த எழுத்துக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். ‘மாற்றக் கட்டணம் இல்லை’ என்ற விளம்பரத்தை நம்பிப் பலர் ஏமாறுவது இங்கேதான். 2020 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்க விமான நிறுவனங்களான யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் மூன்றும் அடுத்தடுத்து மாற்றக் கட்டணத்தைப் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு ஒழித்தன. ஆனால் கட்டண வித்தியாசத்தை ஒழிக்கவில்லை. மாற்றக் கட்டணமும் கட்டண வித்தியாசமும் வேறு வேறு. முதலாவது சைபர் என்றாலும் இரண்டாவது முழுசாக நிற்கும்.

‘சேம் டே கன்ஃபர்ம்டு’ இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. இதில் பல நிறுவனங்கள் கட்டண வித்தியாசத்தைப் பார்க்காமல் ஒரு தனித் தொகையோடு முடித்துக்கொள்ளும். அடிக்கடி பறக்கும் உறுப்பினர்களுக்கும் விலை கூடிய டிக்கெட் வாங்கியவர்களுக்கும் அதையும் விட்டுவிடும் நிறுவனங்கள் உண்டு. நிறுவனம் இதை இரக்கப்பட்டுத் தரவில்லை. மூன்று மணி ஃப்ளைட்டில் காலியாகக் கிடக்கும் இருக்கை மூன்று மணிக்கு மேல் ஒன்றுக்கும் உதவாது. உங்களை அங்கே நகர்த்தினால் ஏழரை மணி ஃப்ளைட்டில் ஓர் இருக்கை விடுபடும். மாலை நேரத்தில் கடைசி நிமிடத்தில் வருகிறவரிடம் அதை முழு விலைக்கு விற்கலாம். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எப்போது கேட்டால் கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதும் புரிந்துவிடும். கூட்டமான ஃப்ளைட்டிலிருந்து காலியான ஃப்ளைட்டுக்கு மாறக் கேட்பவருக்குக் கதவு திறந்திருக்கும். எதிர்த் திசையில் கேட்பவருக்கு அவ்வளவு எளிதல்ல.

நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. அதே நிறுவனம், அதே புறப்பாடு, அதே சேருமிடம், அதே நாள். புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பு இந்த வசதி திறக்கும். ‘அதே நாள்’ என்பது நாள்காட்டி நாளா, கேட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நாளைக் காலை ஃப்ளைட்டை இன்றிரவுக்கு மாற்ற நினைப்பவர்கள் இந்த ஒரு வரியை விதிகளில் தேடிப் படிக்க வேண்டும். இன்னொரு நிபந்தனைதான் மிகவும் குழப்பும்: சில நிறுவனங்கள் உங்கள் டிக்கெட்டில் உள்ள அதே எழுத்தில் புது ஃப்ளைட்டிலும் இடம் இருந்தால்தான் மாற்றித் தரும். இருக்கை வரைபடத்தில் இருபது இடம் காலியாகத் தெரியும், ஆனால் ஆப் ‘இடமில்லை’ என்று சொல்லும். பழுதில்லை, உங்கள் எழுத்து மூடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இருக்கை வரைபடத்தை நம்பவே கூடாது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. டிக்கெட் வாங்கிவிட்டு இன்னும் இருக்கை தேர்ந்தெடுக்காதவர்கள் வரைபடத்தில் தெரிய மாட்டார்கள். சில வரிசைகளை, விமானம் ஏறும் வாயிலான கேட்டில் கொடுப்பதற்கென்று பூட்டி வைத்திருப்பார்கள். வெயில் கடுமையாக இருந்தாலோ ஓடுபாதை குட்டையாக இருந்தாலோ எடை வரம்பு காரணமாகச் சில இருக்கைகளைக் காலியாகவே பறக்கவிடுவதும் உண்டு. ஆகவே வரைபடத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் விற்பனைக்கு உள்ள இடம் அல்ல. நிறுவனத்தின் தளத்திலேயே அந்த ஃப்ளைட்டுக்கு நான்கைந்து பேருக்குப் புது டிக்கெட் தேடிப் பாருங்கள். தருகிறது என்றால் இடம் நிஜமாகவே இருக்கிறது. ஒருவருக்குத் தருகிறது, இருவருக்குத் தரவில்லை என்றால் அவசரப்பட வேண்டிய நேரம்.

நேரத்தையும் பார்த்துக் கேட்க வேண்டும். 24 மணி நேர வாசல் திறக்கும் நிமிடம் முதல் வாய்ப்பு. அப்போது இல்லையென்றால் சோர்ந்துவிட வேண்டாம். முந்தைய ஃப்ளைட் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போது நிலைமை மாறும்: இணைப்பு விமானத்தைத் தவறவிடப் போகிறவர்களை அடுத்த ஃப்ளைட்டுக்கு மாற்றியிருப்பார்கள், சிலர் ரத்து செய்திருப்பார்கள். செக்-இன் மூடும் நேரத்தில் கடைசி அலை வரும். அதற்குள் வராதவர்களின் இடம் விடுபடும். பல நிறுவனங்களில் அது புறப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் பாதுகாப்புச் சோதனை முடித்து உள்ளே நிற்க வேண்டும். வீட்டிலிருந்து ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயனில்லை.

ஆப்பில் செய்யும் முறை எளிது: பயணத்தைத் திறந்து, ‘சேஞ்ச் ஃப்ளைட்’ என்பதை அழுத்தினால், செக்-இன் திறந்த பிறகு ‘சேம் டே’ என்று தனி வரி தெரியும். தெரியாமல் வழக்கமான மாற்றப் பக்கம் மட்டும் வந்தால் அங்கே பணம் கட்டாதீர்கள். அந்தப் பக்கம் முழுக் கட்டண வித்தியாசத்தையும் வாங்கிவிடும். வெளியே வந்து, அரட்டை வழியாகவோ தொலைபேசியிலோ ‘சேம் டே கன்ஃபர்ம்டு’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ‘முந்தைய ஃப்ளைட்டுக்கு மாற்றித் தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் வழக்கமான மாற்றத்தின் விலையைச் சொல்லிவிடுவார். அதே ஊழியர், அதே கணினி. கேட்கும் சொல் மாறினால் தொகை மாறும்.

மாற்றம் முடிந்ததும் பலர் செய்யும் தவறு, ஆப்பில் புது ஃப்ளைட் எண் வந்துவிட்டது என்று நிம்மதியாவது. முன்பதிவு வேறு, டிக்கெட் வேறு. ஆறு எழுத்து பிஎன்ஆர் என்பது முன்பதிவு. 13 இலக்க எண்தான் டிக்கெட். அதன் முதல் 3 இலக்கம் டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் குறியீடு. ஊழியர் முன்பதிவை மாற்றிவிட்டு டிக்கெட்டை மறுபடி வழங்க மறந்துவிட்டால், முன்பதிவில் மூன்று மணி ஃப்ளைட் இருக்கும், டிக்கெட்டிலோ ஏழரை மணியே இருக்கும். ஆப் எதையும் காட்டிக்கொடுக்காது. செக்-இன் செய்யப் போகும்போது ‘கவுன்டரை அணுகவும்’ என்று வரும். அதையும் தாண்டினால் கேட்டில் போர்டிங் பாஸை ஸ்கேன் செய்யும்போது சிவப்பு விளக்கு எரியும். ஏற்கனவே செக்-இன் செய்தவர்களுக்கு இது அதிகம் நடக்கிறது. செக்-இன் ஆனவுடன் டிக்கெட்டின் அந்தப் பகுதி ‘செக்-இன் ஆனது’ என்ற நிலைக்குப் போய்விடும். முதலில் அந்த ஃப்ளைட்டிலிருந்து இறக்கி, ‘திறந்த’ நிலைக்குக் கொண்டுவந்தால்தான் மறுபடி வழங்க முடியும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள்.

இதற்கு மருந்து, அழைப்பை வைப்பதற்கு முன் ‘டிக்கெட்டை ரீஇஷ்யூ செய்துவிட்டீர்களா?’ என்று கேட்பதுதான். மின்னஞ்சலில் வரும் இ-டிக்கெட் ரசீதில் புது ஃப்ளைட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கெட் எண் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். பழைய எண்ணிலேயே ஃப்ளைட்டை மட்டும் மாற்றும் முறையும் இருக்கிறது. எண்ணை விடுங்கள், அதற்கு நேரே எந்த ஃப்ளைட் எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். புது போர்டிங் பாஸ் இருக்கை எண்ணோடு கைக்கு வந்துவிட்டால் பிறகு கவலையில்லை.

ஸ்டாண்ட்பைக்கு வருவோம். 2020-இல் மாற்றக் கட்டணத்தை ஒழித்த கையோடு அமெரிக்கன் நிறுவனம் அதே ஆண்டு அக்டோபர் 1 முதலும், யுனைடெட் 2021 ஜனவரி 1 முதலும் அதே நாள் ஸ்டாண்ட்பையை இலவசமாக்கின. உலகம் முழுக்க எல்லா நிறுவனத்திலும் இது இல்லை. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றில் ஸ்டாண்ட்பை என்ற பேச்சே கிடையாது. இருக்கும் இடத்தில் இதன் பெரிய நல்ல குணம், பட்டியலில் பெயர் சேர்த்தாலும் பழைய ஃப்ளைட்டின் இருக்கை உங்களிடமே இருக்கும். இந்த ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளாமல் பெயர் கொடுக்காதீர்கள். ‘என் ஏழரை மணி சீட் அப்படியே இருக்கும்தானே?’ என்று வாய்விட்டுக் கேட்டு, ஆம் என்ற பதிலை வாங்குங்கள். இல்லையென்றால் அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடும்.

பட்டியல் வரிசை, வந்த வரிசை மட்டும் அல்ல. பொதுவாக முந்தைய ஃப்ளைட்டைத் தவறவிட்டவர்களும், ரத்தான ஃப்ளைட்டில் இருந்தவர்களும், உறுப்பினர் அட்டையில் மேல்நிலையில் இருப்பவர்களும் முதலில் வருவார்கள். அதற்குப் பிறகே பெயர் கொடுத்த நேரம். பணம் கொடுத்துப் பயணிப்பவர்களுக்கு அடுத்துத்தான் சலுகை டிக்கெட்டில் வரும் நிறுவன ஊழியர்கள். கேட்டின் திரையில் பெயரின் முதல் சில எழுத்துகளோடு பட்டியல் ஓடும். நீங்கள் மூன்றாவது, காலியிடம் ஐந்து என்று தெரிந்தாலும் கொண்டாட வேண்டாம். பின்னால் வந்த மேல்நிலை உறுப்பினர் உங்களுக்கு மேலே ஏறிவிடுவார். மற்றவர்கள் ஏறி முடியும் தறுவாயில், பல நேரம் கதவு மூடுவதற்குப் பத்து பதினைந்து நிமிடம் முன்புதான் பெயர்களைக் கூப்பிடத் தொடங்குவார்கள். கழிவறைக்கோ கடைக்கோ போயிருந்தால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். இருக்கையும் பெரும்பாலும் நடு இருக்கைதான், மேலே பை வைக்க இடமும் இருக்காது. இரண்டு பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால், ஓர் இடம் மட்டும் வந்தால் ஒருவர் போவதா, இருவரும் காத்திருப்பதா என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் அதற்கு நேரம் தர மாட்டார்கள்.

இனி பெட்டி விஷயம். இந்தச் சேவையின் பெரிய ஓட்டை இதுதான். பெட்டியில் ஒட்டும் சீட்டில் உள்ள 10 இலக்க எண் ஒரு குறிப்பிட்ட ஃப்ளைட்டோடு கட்டப்பட்டிருக்கும். நீங்கள் ஃப்ளைட் மாறினால் அந்தக் கட்டை அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும், பிறகு பெட்டி இருக்கும் இடத்தைத் தேடி எடுத்து வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் இது நடக்காது. பன்னாட்டுப் பயணத்தில் பயணி ஏறாத விமானத்தில் அவர் பெட்டி போகக் கூடாது என்பது விதி. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியா 182 கனிஷ்கா விமானத்தில், உடையவர் ஏறாத பெட்டியில் இருந்த குண்டு வெடித்து 329 பேர் இறந்தார்கள். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் பான் ஆம் 103 விமானத்தில் குண்டு வெடித்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 270 உயிர்கள் போயின. பயணியையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாடு அதன் பிறகே இறுகியது. ஆகவே பெட்டியைப் போட்ட பிறகு ஊழியர் கைவிரித்தால் அவர் மேல் கோபப்படுவதில் அர்த்தமே இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் பயணங்களில் பெட்டி பின்னால் வர அனுமதி உண்டு. அங்கே நீங்கள் மூன்று மணி ஃப்ளைட்டில் போய் இறங்கி, ஏழரை மணி ஃப்ளைட் வந்து சேரும்வரை பெட்டிக்காகக் காத்திருக்க நேரலாம். மிச்சம் பிடித்த நேரம் முழுக்க அங்கேயே போய்விடும்.

எங்கள் யோசனை: மாற வாய்ப்பு இருப்பதாகத் தோன்றினாலே பெட்டியைப் போடுவதற்கு முன் மாற்றத்தைக் கேளுங்கள். கன்ஃபர்ம்டு மாற்றம் முதலில், பெட்டி பிறகு. அதற்கும் நேரம் வேண்டும். பெட்டி வாங்கும் கவுன்டர் புறப்பாட்டுக்கு 45 அல்லது 60 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதால், கைப்பைக்காரருக்குக் கிடைக்கும் கடைசி நிமிட வாய்ப்பு பெட்டிக்காரருக்கு இல்லை.

இணைப்பு ஃப்ளைட் இருந்தால் முதல் பகுதியை மட்டும் முன்னால் நகர்த்துவதில் பெரிய லாபமில்லை. இடையில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் கூடும். ஆனால் இடைவெளி ஆபத்தான அளவுக்குக் குறைவாக இருக்கும்போது அதுவே பெரிய காப்பு. எல்லாப் பகுதிகளையும் சேர்த்து மாற்றக் கேட்கும்போது அதே இடைநிலையம் வழியாகத்தான் போக வேண்டும் என்று சில நிறுவனங்கள் சொல்லும், சில விட்டுக்கொடுக்கும். ஒரே நகரத்தில் இரண்டு மூன்று விமான நிலையங்கள் உள்ள இடங்களில் புது ஃப்ளைட் எதிலிருந்து கிளம்புகிறது, எதில் இறங்குகிறது என்று குறியீட்டை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒரே நிலையத்துக்குள்ளும் டெர்மினல் மாறலாம்.

செய்யவே கூடாத ஒன்றும் இருக்கிறது. மாற்றம் கிடைக்காத எரிச்சலில் வேறு நிறுவனத்தில் புது டிக்கெட் வாங்கிப் போய்விட்டு, பழையதை அப்படியே விட்டுவிடுவது. அது போகவர எடுத்த டிக்கெட்டாக இருந்தால், முதல் பகுதிக்கு வராதவர் என்று குறித்துத் திரும்பும் பகுதியையும் ரத்து செய்துவிடுவார்கள். திரும்பும் நாளன்று நிலையத்துக்கு வந்த பிறகே பலருக்கு இது தெரியவரும்.

மாறும்போது இழப்பவற்றையும் கணக்கில் வையுங்கள். தனியாகப் பணம் கட்டி வாங்கிய கால் நீட்டும் இருக்கை கூடவே வராது. அந்தப் பணம் திரும்புமா என்பது நிறுவனத்தின் விதி, நீங்களாக மாறினால் திரும்பாமல் போகவும் வாய்ப்புண்டு. சிறப்பு உணவுக்குப் பல இடங்களில் 24 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் அது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி உதவி தானாக மாறும் என்று நம்பாதீர்கள், சொல்லி மறுபடி பதிய வையுங்கள். கைக்குழந்தை இருந்தால் ஒரு வரிசையில் உள்ள ஆக்சிஜன் முகமூடிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே இடம் தருவார்கள். அதனால் காலியிடம் இருந்தும் மறுக்கலாம்.

சிலருக்கு ஆப்பில் இந்தப் பொத்தானே வராது. மிக மலிவான அடிப்படைக் கட்டண டிக்கெட், குழு டிக்கெட், இடைத்தரகுத் தளத்தில் வாங்கியது, ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டில் இன்னொரு நிறுவனத்தின் விமானம் ஆகியவை அந்த வகை. கடைசியாகச் சொன்னதில் விமானத்தை ஓட்டும் நிறுவனம் ‘டிக்கெட் கொடுத்தவரிடம் போங்கள்’ என்று சொல்லும், டிக்கெட் கொடுத்தவர் ‘விமான நிலையத்தில் கேளுங்கள்’ என்பார். நேரே கவுன்டருக்குப் போய்க் கேட்பதே அப்போது குறுக்குவழி.

ஆப்பை விட்டு கவுன்டருக்கோ கேட்டுக்கோ போக இன்னும் மூன்று காரணங்கள் உண்டு. உங்கள் பழைய ஃப்ளைட் தாமதம் என்று அறிவித்துவிட்டாலோ, நேரத்தை நிறுவனமே மாற்றியிருந்தாலோ, வானிலைக்காகச் சலுகை அறிவித்திருந்தாலோ, பல நிறுவனங்கள் கட்டணமின்றியே மாற்றிக் கொடுக்கும். ஆப்பில் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். இரண்டாவது, செக்-இன் செய்யும்போது ‘வேறு ஃப்ளைட்டில் போகத் தயாரா?’ என்று ஆப் கேட்டால், ஏழரை மணி ஃப்ளைட்டில் இருக்கையை விட அதிகமாக விற்றிருக்க வாய்ப்புண்டு. அப்போது ‘மூன்று மணிக்குப் போட்டுக் கொடுத்தால் என் சீட்டை விட்டுத் தருகிறேன்’ என்று கேட் ஊழியரிடம் சொன்னால் பிரச்சினை அவர்களுக்குத்தான் தீர்கிறது.

மூன்றாவது காரணம் யாரும் கவனிக்காதது. பன்னிரண்டு மணி ஃப்ளைட் தாமதமாகி இரண்டரைக்குக் கிளம்பப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை நேரம் தாண்டிவிட்டதால் ஆப் அதைப் பட்டியலில் காட்டாமல் போகலாம். விமானமோ இன்னும் கேட்டிலேயே நிற்கும், இணைப்பைத் தவறவிடுவோம் என்று பயந்து பலர் அதிலிருந்து வெளியேறியிருப்பார்கள். புறப்பாட்டுப் பலகையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்து, தாமதமான ஃப்ளைட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த கேட்டுக்கே போய்க் கேளுங்கள். போவதற்கு முன் அதை ஓட்டப்போகும் விமானம் வந்து இறங்கிவிட்டதா என்று மட்டும் ஆப்பில் பார்த்துவிடுங்கள். அது இன்னும் வேறு ஊரில் நின்றால் உங்கள் ஏழரை மணியே முந்திக்கொள்ளும்.